ஸ்டோர் என்று நான் எழுதிய இடம்

போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, பழைய ஃபைல் எல்லாம் ஸ்கேன் பண்றோம். மாதா கோவில் ஃபைல்ல உங்க பேர்ல ரெண்டு ரிப்போர்ட் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. பழசைத் தூக்கிடலாமா?"

"தூக்காதீங்க" என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். போட்ட பிறகு கடுமையாக இருந்துவிட்டதோ என்று நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பினேன். பிறகு அதையும் அழித்தேன். காரணம் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பிறகு வருகிறவர் தூக்கிவிடுவார். அதனால் இதை எழுதுகிறேன்.

இப்படியெல்லாம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. நீங்கள் இப்போது வேலை செய்யும் அலுவலகத்தில் ஏழு வருடம் இருந்தேன், இப்போது இல்லை. என் அனுபவத்தைக் கேட்க உங்களுக்கு என்ன அவசியம் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனாலும் கேளுங்கள்.

பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, எது நிற்கலாம், எதை இடிக்கலாம் என்று அறிக்கை எழுதுவது நம் வேலை. அந்த மாதா கோவில் ஜொகூரில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்தைத் தாண்டி, செம்மண் பாதையில் பதினைந்து நிமிடம் உள்ளே போனால் வரும். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத்து வீடுகள் போய்விட்டன. மக்கள் குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் போய்விட்டார்கள். கோவில் மட்டும் நிற்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு பூசை. அன்றைக்குச் செம்பனைக்கு நடுவே கார்கள் வரிசையாக நிற்கும்.

கட்டடம் எளிமையானது. ஒன்றரைச் செங்கல் கனத்தில் சுவர், தகரக் கூரை, முகப்பில் சின்ன மணிக்கூண்டு. பீடத்தைப் பார்த்து நின்றால் இடது பக்கம் நீளமாக ஒரு சாய்ப்பு இறக்கியிருக்கும். அதற்குத் தனியாக ஒரு வெளிக்கதவு. எல்லாரும் அதை ஸ்டோர் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே எழுதினேன்.

கோவில் குழுத் தலைவர் சவரிமுத்து அங்கிள். முப்பது வருடம் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர். அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. அந்தச் சாய்ப்பை இடித்துவிட்டுக் கோவிலை அகலப்படுத்த வேண்டும். பின்பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அறை கட்ட வேண்டும். கைக்குழந்தையோடு வருகிற அம்மாக்கள் அந்த அறையில் ஏர்கோன் குளிரில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் பூசை கேட்கலாம். "பிள்ளை அழுதா பூசையே கெட்டுப்போவுது மா. பட்டணத்துக் கோவில்ல எல்லாம் கண்ணாடி ரூம் இருக்கு. நம்ம மட்டும் என்ன பாவம் பண்ணோம்?" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இளம் குடும்பங்கள் திரும்பி வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார்.

முதல் தடவை நான் அங்கே போனபோது மகளுக்கு நாலு மாதம். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம். பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மூன்று மணிக்கே மார்பு கட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது. கோவிலின் உள்பக்கத்தை ஒழுங்காகத்தான் அளந்தேன். மணிக்கூண்டில் ஏறினேன். கடைசியாகச் சாய்ப்புக்கு வந்தேன்.

கோவிலைக் கூட்டித் துடைத்துச் சாவி வைத்திருக்கும் மோனிக்கா அக்கா கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கிறிஸ்துமஸ் குடிலுக்கான வைக்கோல், கை உடைந்த ஒரு சூசையப்பர் சிலை, பழுதாகிப்போன இரண்டு மின்காற்றாடி.

"உள்ள போவாத தங்கச்சி. இந்த ஸ்டோர்ல எலிதான் பூசை பாக்கும்" என்றார் அக்கா.

நான் சிரித்தேன். வாசலில் நின்றபடியே லேசர் மீட்டரை நீட்டி நீளமும் அகலமும் எடுத்தேன். நாற்காலி அடுக்குக்குப் பின்னால், கோவில் சுவரில், தாழ்வாக ஏதோ திறப்பு இருப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். காற்றுக்காக விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மேலே விட்டத்தில் இரும்புக் கொக்கிகள். சாமான் மாட்டுவதற்கு என்று நினைத்தேன். கூரைத் தகரம் புதிது. அதனால் சாய்ப்பும் பிற்காலத்தியது என்று நினைத்தேன். மூன்று நினைப்பு. ஒன்றைக்கூடச் சோதிக்கவில்லை. அலுவலகத்தில் வரையும்போது அந்தத் திறப்புகளின் ஓரங்களை நேராக, சுவருக்குச் செங்குத்தாகப் போட்டேன். யாரும் பார்க்காத ஓரம் நேராகத்தான் இருக்கும் என்று கை தானாகவே போட்டுவிட்டது.

அறிக்கையில் எழுதினேன்: "இடப்பக்கச் சாய்ப்பு பிற்காலச் சேர்க்கை. பொருட்கள் வைக்கும் அறை. பாரம்பரிய மதிப்பு இல்லை. அகற்றலாம்." கீழே கையெழுத்துப் போட்டேன்.

அந்த நாலு வரியைச் சவரிமுத்து அங்கிள் ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு மைக்கில் வாசித்தாராம். "எக்ஸ்பர்ட் சொல்லிட்டாங்க" என்றாராம். இடிப்பதற்குக் குழுவும் சம்மதித்தது. ஆளும் ஏற்பாடாகிவிட்டது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பினால் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். மகள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைப்பேன். அலுவலகத்தில் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். "ரெண்டு தடவை அளக்குறவங்க உண்டு, உனக்கு ஏழு தடவை" என்பார் பாஸ். அந்த அறிக்கை போய் மூன்று வாரம் கழித்து, வாசலில் நின்று அளந்த அகலம் என்னை உறுத்த ஆரம்பித்தது. நாற்காலி மேல் பட்டுத் திரும்பிய அளவாக இருந்தால்? பத்து சென்டிமீட்டர் தப்பினால் புதிய அஸ்திவாரமும் தப்பும். இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

அன்றைக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குக் காய்ச்சல். மகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சவரிமுத்து அங்கிள் வாசலிலேயே நின்றிருந்தார். இடிக்கும் ஆட்களுக்கு இடம் காட்ட வந்திருந்தார். "சைட்டுக்குப் பாப்பாவைத் தூக்கிட்டு வரலாமா மா? இது என்ன பாசாரா?" என்றார். சந்தைக்கு வருகிற மாதிரி வந்திருக்கிறாயே என்கிறார். "பேபிசிட்டருக்கு உடம்பு சரியில்ல அங்கிள்" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னேன். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை.

பத்து நிமிடத்தில் மகள் அழ ஆரம்பித்தாள். கோவிலுக்குள் அங்கிளும் இரண்டு ஆட்களும் சுவரைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காரில் வெயில் கொதித்தது. மோனிக்கா அக்கா சாய்ப்பின் கதவைத் திறந்து, பத்துப் பன்னிரண்டு நாற்காலிகளை இழுத்து வெளியே போட்டு, தரையில் ஒரு பழைய பேனரை விரித்தார். "உக்காரு. யாரும் வரமாட்டாங்க. நான் வாசல்ல நிக்கிறேன்."

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, மகளுக்குப் பால் கொடுத்தேன். அவள் அமைதியானாள். அப்போதுதான் என் கண்ணுக்கு நேர் உயரத்தில் அந்தத் திறப்பு இருப்பது தெரிந்தது. அடைத்திருந்த பலகையின் ஒரு மூலை கறையான் அரித்து உதிர்ந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகச் சிவப்பாக ஒரு புள்ளி. புனித அப்பம் வைக்கும் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் எப்போதும் எரியும் விளக்கு.

கொஞ்சம் எழுந்தேன். விளக்கு மறைந்தது. மறுபடி உட்கார்ந்தேன். தெரிந்தது.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் திறப்பின் ஓரத்தைத் தடவினேன். ஓரம் நேராக இல்லை. பீடத்தின் பக்கமாகச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். அடுத்த நாற்காலி அடுக்கை நகர்த்தினேன். அங்கேயும் ஒரு திறப்பு. மொத்தம் ஐந்து. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஐந்தும் ஒரே வரிசை. ஆனால் சாய்வு ஐந்திலும் வேறு வேறு. பீடத்துக்குப் பக்கத்தில் இருந்ததில் சாய்வு குறைவு. பின்னால் போகப் போக அதிகம். கட்டியவர் ஒவ்வொரு திறப்புக்கும் தனியாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்.

மேலே பார்த்தேன். திறப்புக்கு நேர் மேலே ஒவ்வொரு கொக்கி. எல்லாக் கொக்கியின் உள்வளைவும் ஒரே பக்கமாகத் தேய்ந்து மினுங்கியது. சாமான் மாட்டினால் அப்படித் தேயாது. ஆடினால்தான் தேயும்.

நான் தோட்டத்துக் குடும்பத்துப் பெண். தாய்மார் ரப்பர்ப் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள். விட்டத்தில் வரிசையாகக் கொக்கி, கொக்கிக்கு ஒரு சேலைத் தொட்டில். இதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டில் மகள் தூங்குவது மோட்டார் வைத்த புவாய்த் தொட்டிலில். இரும்புக் காலில் தொங்கும், சுவிட்சைப் போட்டால் ஆடும். கொக்கியை நான் மறந்தே போயிருந்தேன்.

"அக்கா, இது ஸ்டோர் இல்ல" என்றேன்.

மோனிக்கா அக்கா குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார். "அடப்பாவி. அப்ப எலிக்கு நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அன்றைக்கு எல்லாவற்றையும் அளந்தேன். மூலையில் காரை பெயர்ந்திருந்த இடத்தில் சாய்ப்புச் சுவரின் செங்கலும் கோவில் சுவரின் செங்கலும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தன. பிற்காலத்தில் ஒட்டிய சுவர் அப்படிக் கோக்காது. அலுவலகம் வந்து ஐந்து சாய்வையும் வரைபடத்தில் கோடாக நீட்டினேன். ஐந்தும் ஓர் இடத்தில் சந்தித்தன. ஆனால் பூசை நடக்கும் இப்போதைய பீடத்தில் இல்லை. அதற்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, பேழை இருக்கும் இடத்தில். பீடம் சுவரோடு இருந்து, சாமியார் மக்களுக்கு முதுகு காட்டிப் பூசை வைத்த காலம் ஒன்று இருந்தது அல்லவா, அந்தக் காலத்துப் பீடம் அது. பீடம் முன்னால் நகர்வதற்கு முன்பே இந்தத் திறப்புகள் இருந்திருக்கின்றன.

கணினித் திரையில் அந்த ஐந்து கோடும் சேர்ந்த இடத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அகற்றலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கூட்டம். செவ்வாய்க்கிழமை இடிப்பு.

பாஸிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. படத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "சரி, புதுசா எழுது. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு இதை வச்சிரு. திருத்தினதுன்னு மேல போட்டுக்கோ. யாரும் கேக்கமாட்டாங்க. உன் பேரைக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

"முடியாது பாஸ்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னேன் என்று தெரிந்தது.

"ஏன்?"

"அதை மைக்ல வாசிச்சிருக்காங்க. கோவிலே கேட்டிருக்கு. இப்ப அது காணாமப் போச்சுன்னா, யாரோ பேசி மாத்திட்டாங்கன்னு நினைப்பாங்க. அப்புறம் இதையும் நம்பமாட்டாங்க. ரெண்டும் இருக்கணும். முதல்ல ஏன் தப்பாச்சுன்னும் எழுதப்போறேன்."

"வாசல்ல நின்னு அளந்தேன்னு எழுதப்போறியா? நம்ம கம்பெனி லெட்டர்ஹெட்ல?"

"ஆமா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை பெத்ததுல இருந்து நீ ரொம்ப மாறிட்ட" என்றார். அது நல்ல மாற்றமா கெட்ட மாற்றமா என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்துக்கொண்டே எழுதி முடித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கோவிலுக்குள்ளேயே கூட்டம். இருபது பேர் இருக்கலாம். ஃபாதர் இளைஞர், நாலு கோவிலைப் பார்க்கிறார், எங்கேயும் தாமதமாகத்தான் வருவார். அவருக்கு அடுத்த பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மகளை மோனிக்கா அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். தாளை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"நான் முதல்ல குடுத்த ரிப்போர்ட் தப்பு" என்று தொடங்கினேன்.

சவரிமுத்து அங்கிளின் முகம் மாறியது. "அப்ப நான் மைக்ல வாசிச்சது பொய்யா?"

"பொய் இல்ல அங்கிள். தப்பு. உள்ள போகாம, வாசல்ல நின்னு எழுதுனேன். நீங்க வாசிச்சது என் தப்பைத்தான்."

பிறகு திறப்பு, கொக்கி, செங்கல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சேலைத் தொட்டில் என்று சொன்னதும் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அங்கிளும் சிரித்தார். "பிள்ளை பெத்தவளுக்குக் கொக்கியைப் பாத்தா தொட்டிலாத்தான் லா தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். உங்களுக்கும் ஒருநாள் இப்படி நடக்கும். தப்பை ஒத்துக்கொண்ட பிறகு நீங்கள் சொல்வது எதையும் எளிதாகச் சிரித்துத் தள்ளலாம் என்று மற்றவர்களுக்குத் தோன்றும். அந்த இடத்தில் எனக்கு உட்கார்ந்துவிடத்தான் ஆசை வந்தது.

"ஆமா அங்கிள், அதனாலதான் தெரிஞ்சது" என்றேன். "கொக்கி தொட்டிலுக்குத்தானான்னு எனக்கு நிச்சயமா தெரியாது. இருக்கலாம்னுதான் எழுதியிருக்கேன். ஆனா அந்தத் துவாரத்துக்கு 'இருக்கலாம்' கிடையாது, அது பீடத்தைப் பாக்கத்தான். ஒரு பலகையைக் கழட்டிப் பாருங்க."

கோவிலின் உள்பக்கம் அந்தப் பலகைகள் மேல் வெள்ளை அடித்திருந்தது. அவற்றுக்கு முன்னால் சிலுவைப்பாதைப் படங்கள் தாழத் தொங்கின. மந்திரித்த படங்களைக் கண்டபடி கழற்ற முடியாது என்றார் அங்கிள். அதுவரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபாதர் எழுந்து போய், ஒரு படத்தைக் கழற்றி முத்தமிட்டு பெஞ்சில் வைத்தார். "யார்கிட்டயாவது ஸ்குரூ டிரைவர் இருக்கா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை இடிப்பதற்காக அங்கிள் கூட்டத்துக்கு வரச்சொல்லியிருந்த ஆட்களிடம் இருந்தது.

பலகை வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து தூசியும் வைக்கோல் வாசனையும் அடித்தன. ஃபாதர் வெளியே சுற்றிப் போய்ச் சாய்ப்புக்குள் நுழைந்தார். அங்கியோடு தரையில் உட்காரப் போனவரை "ஃபாதர், அழுக்காயிடும்" என்று மோனிக்கா அக்கா தடுத்தார். அவர் உட்கார்ந்துவிட்டார். திறப்பில் அவர் முகம் தெரிந்தது.

"விளக்கு தெரியுது" என்றார். பிறகு, "நான் நிக்கிற பீடத்தைவிட அதுதான் நேரா தெரியுது" என்றார்.

கடைசித் திறப்பின் பலகையையும் கழற்றச் சொன்னார். அங்கே போய் உட்கார்ந்தார். அங்கேயும் தெரிந்தது.

நான் படத்தில் வரைந்த ஐந்து கோட்டையும் காட்டினேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கோவிலைக் கட்டிய கொத்தனாரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அதை மந்திரித்துத் திறந்துவைத்த சாமியாரின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து திறப்பையும் சாய்க்க அவர் யாரையாவது ஐந்து இடத்தில் உட்காரவைத்து, தெரிகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். பிள்ளையோடு வருகிறவள் பீடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவளைப் பின்னால் கண்ணாடிக்குள் வைக்கத் தோன்றவில்லை. இதை நான் சத்தமாகவே சொன்னேன். கொஞ்சம் அதிகப்படியாகப் போய்விட்டதோ என்று வீடு வந்து யோசித்தேன். இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

சவரிமுத்து அங்கிள் விடவில்லை. "சரி மா. இருக்கட்டும். அந்தக் காலத்துல இருந்திச்சு. இப்ப யாரு தரையில உக்கார்றாங்க?"

நியாயமான கேள்வி. அதற்கு என் அறிக்கையில் பதில் இல்லை.

"நான் உக்காந்தேன் அங்கிள்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை இடிப்பு நடக்கவில்லை. குழு மூன்று மாதம் சண்டை போட்டது. கடைசியில் சாய்ப்பு நிற்கட்டும், கூரையை மட்டும் பழுதுபார்ப்போம் என்று முடிவானது. ஐந்து பலகையில் மூன்றைத்தான் இதுவரை கழற்றியிருக்கிறார்கள். பாதி இடத்தில் இன்னும் நாற்காலிதான். கண்ணாடி அறைப் பேச்சு நின்றபாடில்லை. சவரிமுத்து அங்கிள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பி மணிக்கூண்டைப் பார்ப்பார். நல்ல முடிவு என்று இதைச் சொல்வேனா என்று தெரியவில்லை. சுவர் நிற்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த கட்டட வேலைக்கு என்னைச் சேர்க்கவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. "நீ கொஞ்ச நாள் பிள்ளையைப் பாரேன்" என்றார் பாஸ், அன்பாகத்தான். மூன்றாவது தடவை அன்பாகச் சொன்னபோது ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை மட்டும் நான் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

நிறையச் சந்தேகப்படுகிறாய் என்று உங்களிடமும் சொல்வார்கள். படுங்கள். என்னை அங்கே திரும்பக் கொண்டுபோய் உட்காரவைத்தது படிப்பு இல்லை. பத்து சென்டிமீட்டர் பற்றிய ஒரு பயமும், பசித்து அழுத ஒரு பிள்ளையும்தான். இரண்டையும் வேலைக்குக் கொண்டு வராதே என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

எப்போதாவது அந்தப் பக்கம் போனால் மோனிக்கா அக்காவிடம் சாவி கேளுங்கள். வாசலில் நிற்காதீர்கள். உள்ளே போய்த் தரையில் உட்காருங்கள்.

இரண்டு அறிக்கையும் அந்த ஃபைலில் இருக்கட்டும். ஸ்கேன் செய்யும்போது தப்பானதை முதலில் வையுங்கள். என் கையெழுத்து தெளிவாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.